வாசகர் கேள்விகள்: கையெழுத்து காய்ந்த பிறகு

வேளாண் விரிவாக்கத் துறையில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பல்கலைக்கழகங்களைப் பற்றியவை. அவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில் எழுதுகிறேன். தென்னை, உளுந்து பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் கல்லூரியில் அடிக்கடி ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. பொன்னாடை, புகைப்படம், மறுநாள் பத்திரிகையில் செய்தி. பல்கலைக்கழகங்கள் இப்படிக் கை கோப்பதால் நாட்டுக்கு உண்மையில் ஏதாவது கிடைத்திருக்கிறதா ஐயா?
— கல்லூரி மாணவி, மன்னார்குடி

கிடைத்திருக்கிறது, அம்மா. நீங்கள் மன்னார்குடியிலிருந்து கேட்பதால், உங்கள் பக்கத்து வயல்கள் வரைக்கும் வந்து சேர்ந்த ஒன்றையே சொல்கிறேன்.

2008 நவம்பர் கடைசியில் நிஷா புயல் காரைக்கால் பக்கம் கரையேறியது. டெல்டாவில் சம்பாவும் தாளடியும் தண்ணீருக்குள் போயின. ஒரு வாரம் கழித்து, கடைமடைக் கிராமம் ஒன்றுக்குப் பயிர்ச் சேதம் பார்க்கப் போனேன். வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. ஒரு பெரியவர் முழங்கால் தண்ணீரில் இறங்கி, ஒரு குத்தைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். இலையெல்லாம் வண்டல் அப்பியிருந்தாலும் இடையிடையே பச்சை தெரிந்தது. உயிர் இருக்கிறது என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. தூரின் அடியை இரண்டு விரல்களால் அழுத்திக் காட்டினார். அழுகிய வாழைப்பழம் போல நசுங்கி, வாடை அடித்தது. பச்சையை நம்பாதே, தூரைத் தொட்டுப் பார் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு எந்த வெள்ள வயலுக்குப் போனாலும் முதலில் அதைத்தான் செய்வேன்.

நெல் தண்ணீரில் நிற்கிற பயிர்தானே, அது ஏன் சாகிறது என்று கேட்பீர்கள். நிற்பது வேறு, மூழ்குவது வேறு. தலைக்கு மேல் தண்ணீர் போனதும் எத்திலீன் வாயு வெளியேற வழியில்லாமல் செடிக்குள்ளேயே தேங்குகிறது. அது பயிரை நீளச் சொல்லித் தூண்டுகிறது. எப்படியாவது நீர்மட்டத்துக்கு மேலே வந்துவிட வேண்டும் என்று, சேர்த்து வைத்திருந்த மாவுச்சத்தையெல்லாம் செலவழித்துப் பயிர் நீள்கிறது. ஒரு வாரம், பத்து நாளில் கையிருப்பு தீர்ந்துவிடும். தண்ணீர் வடிந்ததும், வெளிறி மெலிந்த அந்தத் தாள் நிற்க மாட்டாமல் விழுந்துவிடும்.

ஒடிசாவில் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த தால்புட்டியா என்ற நாட்டு நெல் இதற்கு நேர்மாறானது. மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். சேமிப்பைச் செலவழிக்காமல் மூச்சடக்கிக் கிடக்கும். இரண்டு வாரம் கழித்துத் தண்ணீர் வடிந்தால் புது இலை விடும். அதிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ என்ற வகை 1950களிலேயே ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதன் விளைச்சல் குறைவு. மற்ற ரகங்களோடு கலந்து பார்த்தார்கள். வெள்ளம் தாங்கும் குணம் வரும்போது வேண்டாத குணங்களும் கூடவே வந்தன. அரிசி சரியில்லை என்று விவசாயிகள் அவற்றை ஒதுக்கிவிட்டார்கள். பல ஆண்டுகள் இப்படியே போயின.

முடிச்சு அவிழ்ந்தது பல கைகள் சேர்ந்த பிறகுதான். 1996இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கெனாங் ஷு, டேவிட் மக்கில் இருவரும், அந்தக் குணம் நெல்லின் 9ஆவது குரோமோசோமில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று காட்டினார்கள். மக்கில் பிறகு பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனார். 2006இல் டேவிஸின் பமேலா ரொனால்டு, ரிவர்சைடு பல்கலைக்கழகத்தின் ஜூலியா பெய்லி-செரஸ் ஆகியோரும் மக்கிலும் தங்கள் குழுவினரோடு சேர்ந்து, சப்1ஏ என்ற மரபணுதான் அந்தக் குணத்துக்குக் காரணம் என்று உறுதி செய்தார்கள். அதற்குப் பிறகு வேலை எளிதானது. நாற்றின் இலைத் துணுக்கு ஒன்றைச் சோதித்தாலே அந்தக் குணம் இறங்கியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். வெள்ளத்தில் முக்கிப் பார்க்கக் காத்திருக்க வேண்டாம். கிழக்கிந்திய விவசாயிகள் ஏற்கெனவே விரும்பிப் பயிரிட்டு வந்த சுவர்ணாவில், மற்ற எதையும் மாற்றாமல், இந்த ஒரு குணத்தை மட்டும் ஏற்றினார்கள். சுவர்ணா-சப்1 இந்தியாவில் 2009இல் வெளியானது. நம் பக்கம் சம்பாவுக்கு நெடுங்காலமாக விதைக்கிற, இட்லிக்குப் பேர்போன குண்டு நெல் சி.ஆர். 1009 உங்களுக்குத் தெரியும். அதிலும் இதே குணத்தை ஏற்றினார்கள். அதுதான் சி.ஆர். 1009 சப்1.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. ரகத்தை வெளியிட்டதோடு கடமை முடிந்தது என்று இவர்கள் போய்விடவில்லை. பெர்க்லி பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர்கள், நெல் ஆராய்ச்சி நிறுவனத்தாரோடு சேர்ந்து ஒடிசாவின் பத்ரக், பாலாசோர் மாவட்டங்களில் 128 கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிக் கிராமங்களில் சில விவசாயிகளுக்கு ஐந்து கிலோ விதைப் பை கொடுத்தார்கள். மீதிக் கிராமங்களில் கொடுக்கவில்லை. இரண்டு பக்கமும் என்ன நடக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் பார்த்தார்கள். ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை மூழ்கிய வயல்களில் புது நெல் தெளிவாகக் கூடுதலாக விளைந்தது. மூழ்காத வயல்களில் விளைச்சல் குறையவும் இல்லை. மிகுதியாகப் பயன்பெற்றவர்கள் யார் என்று பார்த்தபோது, தாழ்வான நிலம் பட்டியல் சாதியினர் கையில்தான் கூடுதலாக இருந்தது தெரிந்தது. மேட்டு நிலம் ஒரு காலத்தில் யார் கைக்குப் போனது, பள்ளம் யாருக்கு மிஞ்சியது என்பதை ஊரில் பிறந்த எல்லோரும் அறிவோம். ஒரு விதை அந்தப் பள்ளத்துக்கென்றே போய்ச் சேர்ந்ததைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

இன்னொன்றும் கண்டார்கள். பயிர் மூழ்கினாலும் பிழைக்கும் என்ற தெம்பு வந்த பிறகு, அந்த விவசாயிகள் வயலில் கூடுதலாகச் செலவு செய்யத் துணிந்தார்கள். நேரடி விதைப்பை விட்டு நடவுக்கு மாறினார்கள், உரம் கூடுதலாக இட்டார்கள், கடன் வாங்கவும் முன்வந்தார்கள். வெள்ளம் வராத ஆண்டிலும் விளைச்சல் ஏறியது. பயம் எவ்வளவு பெரிய செலவு என்று இதற்கு முன் யாரும் எனக்கு இப்படி நெல்லில் அளந்து காட்டியதில்லை.

உங்கள் கல்லூரியின் அடுத்த கையெழுத்து விழாவில் இந்தக் கேள்வியையே எழுந்து கேளுங்கள்.

வெள்ளம் தாங்கும் நெல் மரபணு மாற்றப் பயிர்தானே? வீட்டில் சமைக்கலாமா?
— இல்லத்தரசி, கும்பகோணம்

மரபணு மாற்றப் பயிர் இல்லை. நெல்லோடு நெல்லை மகரந்தம் சேர்த்து, பிறந்ததைத் திரும்பத் திரும்பப் பழைய ரகத்தோடே கலந்து எடுத்தது. ஆய்வகத்தில் செய்தது, எந்த நாற்றை வைத்துக்கொள்ளலாம் என்று தேர்ந்தெடுத்தது மட்டும்தான். தைரியமாக இட்லிக்கு ஊற வையுங்கள்.

சி.ஆர். 1009 சப்1 போட்டேன். ஆனாலும் பாதி வயல் போய்விட்டது. பல்கலைக்கழகம் சொன்னது பொய்யா?
— விவசாயி, சீர்காழி வட்டம்

பொய் இல்லை, ஐயா. ஆனால் சொல்ல வேண்டியதை முழுதாக உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அது எங்கள் துறையின் குறை.

இந்தக் குணம் இளம் பயிரிலும் தூர்க் கட்டும் பருவத்திலும் வேலை செய்யும். நட்டு வேர் பிடித்திருக்க வேண்டும். பூக்கும் நேரத்தில் மூழ்கினால் எந்த ரகமும் தப்பாது. இரண்டு வாரத்துக்கு மேல் தண்ணீர் நின்றாலும் கடினம். கலங்கிய நீர் என்றால் இன்னும் சீக்கிரம் தோற்கும். வெளிச்சம் உள்ளே இறங்காததால், பயிர் தன் கையிருப்பை வேகமாகச் செலவழித்துவிடும். அரையாள் உயரத் தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கி நிற்கிற வயலுக்கும் இது மருந்தாகாது. அதற்கு வேறு குணம் வேண்டும்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உங்கள் மேல்புற வயல் ஒன்பது நாளில் வடிந்து பிழைத்திருக்கிறது. வடிகாலை ஒட்டிய கீழ்ப்புறத்தில் பதினெட்டு நாள் தண்ணீர் நின்றிருக்கிறது. அங்கே போனது விதையின் குற்றமில்லை, வடிகாலின் குற்றம். வடிவாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும்போது, விதையை மட்டும் மாற்றி வெள்ளத்தை வெல்ல முடியாது. இதை நான் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன், மறுபடியும் சொல்கிறேன்.

அடுத்த முறை ஒன்றைக் கவனியுங்கள். தண்ணீர் வடிந்த அன்றைக்கே யூரியாவைக் கொட்டாதீர்கள். பயிர் சோர்ந்து கிடக்கிறது, எடுத்துக்கொள்ள அதற்குச் சக்தி இல்லை. தூரை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, உள்ளே வெள்ளையாக இருந்தால் உயிர் இருக்கிறது. புது இலை தெளிந்த பிறகு உரம் கொடுங்கள். விழுந்த இடங்களில், அதே வயலின் தூர் கட்டிய குத்துகளைப் பிரித்து நட்டுக்கொள்ளலாம்.

நம் நாட்டு நெல்லை எடுத்துப்போய் அமெரிக்கப் பல்கலைக்கழகம் பெயர் வாங்கியிருக்கிறது. இதைக் கூட்டு முயற்சி என்கிறீர்கள். நான் திருட்டு என்கிறேன்.
— ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, ஐயா. பல்கலைக்கழகம் என்ற பெயர் மட்டும் யாரையும் நல்லவராக்கிவிடாது. காயத்தை மஞ்சள் ஆற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம். நம் பாட்டிமார் அறிந்த விஷயத்துக்கு! நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுமம் பழைய நூல்களைச் சான்றாகக் காட்டி வழக்காடியது. 1997இல் அந்தக் காப்புரிமை ரத்தானது.

ஆனால் எல்லாவற்றையும் மஞ்சளோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டாம். சுவர்ணா-சப்1 திரும்பி வந்தது விதையாக. விவசாயி ஒரு முறை வாங்கி, அடுத்த ஆண்டுக்குத் தானே விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம், பக்கத்து வீட்டுக்காரருக்கும் கொடுக்கலாம். 2001இல் இயற்றிய பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம் அந்த உரிமையை எழுத்திலேயே தந்திருக்கிறது. ஒரு ரகத்தை உருவாக்க உதவிய கிராமச் சமூகம் பலனில் பங்கு கேட்கவும் அதில் வழி இருக்கிறது. நம் கிராமங்களில் இதைப் பற்றித் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. ஆசிரியராக இருந்த நீங்கள் அதைச் சொல்லிக்கொடுக்கலாம்.

டேவிஸிலேயே நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக் காட்டு நெல்லிலிருந்து வந்த, பாக்டீரியா இலைக்கருகல் நோயைத் தடுக்கும் மரபணு ஒன்றுக்கு அந்தப் பல்கலைக்கழகம் காப்புரிமை பெற்றது. வருகிற பணத்தில் ஒரு பங்கை அந்த நாட்டு மாணவர்களின் படிப்புக்குத் தர 1990களில் ஒரு நிதியும் ஏற்படுத்தியது. எண்ணம் நேர்மையானது. ஆனால் நிறுவனங்கள் அதைச் சந்தைக்குக் கொண்டுவரவில்லை. எதிர்பார்த்த பணமும் வரவில்லை. லாபம் வந்தால் பங்கு என்று எழுதினால் இப்படித்தான் ஆகும். விதையைக் கொடுத்த ஊருக்கு முதல் நாளே ஏதாவது போய்ச் சேர வேண்டும் என்பது என் கட்சி. பயிற்சி, படிப்பு, விதை, எதுவாகவும் இருக்கட்டும்.

தால்புட்டியாவைக் காத்து வைத்த ஒடிசா விவசாயிகளின் பெயர் எந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலும் இல்லை. அதில் எனக்கும் வருத்தம்தான்.

வெளிநாட்டார் கையைப் பிடித்துத்தான் நம் பல்கலைக்கழகங்கள் நடக்க வேண்டுமா? எத்தனை காலத்துக்கு?
— வங்கி ஊழியர், திருச்சி

நீங்கள் கேட்ட 'எத்தனை காலம்' என்பதுதான் சரியான கேள்வி. 1960இல் பந்த்நகரில் நாட்டின் முதல் வேளாண் பல்கலைக்கழகம் தொடங்கியபோது இல்லினாய் பல்கலைக்கழகம் தோள் கொடுத்தது. பஞ்சாபின் லூதியானாவில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்துக்கு ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகம். சென்னை ஐ.ஐ.டி.க்கு மேற்கு ஜெர்மனி. கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 1962 முதல் பத்தாண்டு உதவின, 1972இல் திட்டத்தை முடித்துக்கொண்டன. வந்தவர்கள் போகும் தேதியோடு வந்தார்கள். அவர்கள் போன பின் நம்மவர்கள் நடத்தினார்கள். கோதுமைப் புரட்சியில் பந்த்நகர், லூதியானா இரண்டின் பங்கும் ஊரறிந்தது. தேதியில்லாத உதவியைக் கண்டால் எனக்குத் தயக்கம்தான்.

என் மகள் வேளாண்மை இறுதியாண்டு படிக்கிறாள். கிராமத்தில் தங்கிப் பணி அனுபவம் பெற வேண்டும் என்று அனுப்பியிருக்கிறார்கள். அங்கே கழிப்பறை வசதிகூடச் சரியில்லையாம். படிக்கிற பிள்ளைக்கு இது தேவையா?
— தாய், சேலம்

கழிப்பறை வசதி கட்டாயம் வேண்டும், அம்மா. கல்லூரியில் கேட்டுச் சரி செய்யச் சொல்லுங்கள். அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆனால் மகளைத் திருப்பி அழைத்துவிடாதீர்கள். ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டத்தில் தங்கிய வீட்டுக்காரரோடு இருபது ஆண்டாக இன்றும் பேசிக்கொண்டிருக்கிற மாணவிகளை எனக்குத் தெரியும். விடியற்காலையில் நாற்றுப் பறிக்கும் பெண்களோடு ஒரு நாள் குனிந்து நின்று பார்த்தவள், பிறகு எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அந்த முதுகுவலியை மறக்க மாட்டாள். விவசாயிகளுக்கு நேரில் பயிற்சி தரும் வேளாண் அறிவியல் நிலையங்களில் நாட்டிலேயே முதலாவது 1974இல் புதுச்சேரியில், நம் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில்தான் தொடங்கியது. விவசாயியிடம் போய் உட்காரும் பழக்கம் நமக்குப் புதிதில்லை.

எங்கள் பொறியியல் கல்லூரி உன்னத் பாரத் திட்டத்தில் ஐந்து கிராமங்களைத் தத்தெடுத்திருக்கிறது. நான் ஒருங்கிணைப்பாளர். எங்கிருந்து தொடங்குவது? கருவிகள் வாங்க ஓரளவு நிதி இருக்கிறது.
— உதவிப் பேராசிரியர், நாகப்பட்டினம் மாவட்டம்

நிதியை முதல் ஆண்டு தொடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

இருபத்தைந்து ஆண்டுக்கு முன் நானும் பங்கேற்ற ஒரு கூட்டுத் திட்டத்தில், ஒரு கிராமத்தில் மண் பரிசோதனைக் கூடம் கட்டினோம். யாருடைய பெயரும் வேண்டாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கருவிகள் தந்தது, நாங்கள் ஆள் தந்தோம். திறப்பு விழாவுக்கு ஊரே வந்தது. இரண்டு ஆண்டு நன்றாக ஓடியது. மூன்றாம் ஆண்டோடு திட்டம் முடிந்தது. ரசாயனம் வாங்க ஊரில் யாரிடமும் பணமில்லை. கருவியை இயக்கப் பழகிய பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். சில ஆண்டு கழித்து அந்த வழியாகப் போனபோது கூடத்தின் பூட்டு துருப்பிடித்திருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மண் மாதிரிப் பொட்டலங்கள் மேசையில் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றிலும் விவசாயியின் பெயரும் வயலின் பெயரும் பென்சிலில் எழுதியிருந்தன. முடிவுக்காகக் காத்திருந்தவர்கள் அவர்கள். அந்தத் திட்ட அறிக்கையை எழுதியவர்களில் நானும் ஒருவன். நான்காம் ஆண்டு யார் செலவு செய்வார் என்று அதில் ஒரு வரிகூட நாங்கள் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். அந்தப் பொட்டலங்கள் இன்றும் என் கண்ணில் நிற்கின்றன.

ஆகவே, நவம்பரில் தொடங்குங்கள். மழை பிடித்த நாளில், கருவி எதுவும் இல்லாமல், மாணவர்களை அழைத்துக்கொண்டு போங்கள். உங்களிடம் நில அளவை தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், ஊரில் தண்ணீரின் போக்கு தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பேரையும் சேர்த்து மடை மடையாக நடக்க விடுங்கள். எந்த வயலில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது, எந்த இடத்தில் வடிகால் அடைத்திருக்கிறது, எந்த மதகின் பலகை உடைந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு வரட்டும். நீர்பாய்ச்சுபவர் இருந்தால் அவரை அவசியம் கூட்டிக்கொள்ளுங்கள், அவர் நாளுக்கு உரிய கூலியையும் கொடுத்துவிடுங்கள்.

பத்து நாளில் வடிகிற வயல், பதினைந்து நாளில் வடிகிற வயல், வடியவே வடியாத வயல் என்று மூன்று நிறத்தில் ஒரு படம் போடுங்கள். முதல் நிறத்துக்கு வெள்ளம் தாங்கும் விதை போதும். இரண்டாவதற்கு விதையோடு தூர்வாரலும் வேண்டும். மூன்றாவதற்கு என்ன செய்வது என்று உங்கள் கட்டுமானப் பொறியியல் துறையும், பக்கத்து வேளாண் கல்லூரியும், ஊர்க்காரர்களும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசுங்கள். ஒப்பந்தம் தேவையென்றால் அப்போது போட்டுக்கொள்ளலாம். சேர்ந்து செய்ய என்ன வேலை இருக்கிறது என்று அப்போது இரண்டு பக்கமும் தெரிந்திருக்கும்.

படத்தின் ஒரு படியை ஊராட்சி அலுவலகச் சுவரில், ஊர்ப் பெயர்களோடு, பெரிய எழுத்தில் தமிழில் ஒட்டிவிட்டு வாருங்கள். அடுத்த நவம்பரில் போய், அதே மடைகளில் மறுபடியும் நடந்து பாருங்கள்.